கூலி: ஊதியமா, ஆளா?

ஆங்கிலத்தில் 'கூலி' என்று ஒரு சொல் உண்டு. நம் சொல்லைப் போலவே ஒலிக்கும், பொருள் வேறு. நமக்குக் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். திருக்குறளும் முயற்சியின் பயனைக் கூலி என்றே சொல்கிறது. ஆங்கிலத்திலோ அது வேலை செய்யும் மனிதனின் பெயர். குஜராத்தின் 'கோலி' இனப்பெயரே அதன் மூலம் என்பாரும் உளர். தமிழ்க் கூலியே என்பாரும் உளர்.

பலாபத்வலவில் வாழும் எனக்கு இது வெறும் அகராதி விவகாரம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு இந்தத் திசையாகத்தான் நம்மவர் நடந்து வந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். அக்கால ஆங்கில ஆவணங்கள் அவர்களைக் 'கூலிகள்' என்றே எழுதின. அவர்கள் கூலி பெற வந்தவர்கள். கூலிகளாக வந்தவர்கள் அல்லர்.

தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளியினரை இழிக்கும் வசையாகவும் இச்சொல் ஆயிற்று. முல்க் ராஜ் ஆனந்த் 1936இல் தம் ஆங்கில நாவலுக்கு இதையே தலைப்பாக்கினார். இன்றைய ஆங்கில அகராதிகள் இதனை இழிசொல் என்று குறிக்கின்றன.

ஆகவே, பழைய ஆவணத்தை எடுத்துக்காட்டும்போது இச்சொல்லை மேற்கோள் குறிக்குள் இடலாம். நாமாக எழுதும்போது 'தொழிலாளர்' என்பதே முறை. தமிழில் 'கூலி கேட்டார்' என்பது சரி. 'கூலி வந்தான்' என்பது தகாது. கூலியைக் கையில் கொடுப்போம்; பெயராகச் சூட்ட வேண்டாம்.