ஓடும் ரயிலிலும் அறுபடாத பேச்சு!

மும்பை சயான் ஸ்டேஷனில் காலை லோக்கல் ரயிலைப் பிடிக்கும் குமாஸ்தா ஒருவர், திருநெல்வேலியிலுள்ள மனைவியுடன் செல்போனில் பேசத் தொடங்குகிறார். மாட்டுங்கா, தாதர், பைகுல்லா என்று ஸ்டேஷன்கள் ஓடி மறைகின்றன. பேச்சு மட்டும் அறுபடுவதில்லை. அதற்குள் அவருடைய போன் பல கோபுரங்களிடம் கைமாறியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

நகரம் முழுவதும் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு கோபுரத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் அலை வலிமையைப் போன் அளந்து, தன் கோபுரத்துக்குத் தெரிவிக்கிறது. அடுத்த கோபுரத்தின் அலை மேலோங்கியதும், அங்கே முன்கூட்டியே இடம் ஒதுக்கப்படுகிறது. அதன் பிறகே போன் மாற்றப்படுகிறது. 4ஜி முறையில் இந்த மாற்றம் பொதுவாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

விலாசம் மாறினால்?

இன்டர்நெட்டில் இணையும் கருவிக்கு ஓர் எண் விலாசம் உண்டு. கோபுரம் மாறினாலும் கம்பெனியின் நடு நிலையம் அந்த விலாசத்தை மாற்றாமல், வரும் செய்திகளைப் புதிய கோபுரத்துக்குத் திருப்பி விடுகிறது. வீடு மாறியவர் தபால் ஆபீசில் எழுதிக் கொடுத்தால், கடிதம் புது வீட்டுக்கு வந்து சேர்வது போலத்தான். இதே யோசனையில் அமைந்த 'மொபைல் ஐ.பி.' என்ற விதிமுறை 1996-ல் வெளியாயிற்று.

ஆனால், வீட்டு வை-ஃபையை விட்டுத் தெருவில் இறங்கி, செல்போன் கம்பெனியின் இணைப்புக்கு மாறும்போது விலாசமே மாறிவிடுகிறது. பழைய முறையில் இணைப்புக்கு அடையாளமே விலாசம்தான். ஆகவே இணைப்பு அறுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 2021-ல் விதிமுறையாக வெளியான 'க்விக்' இதற்குப் பரிகாரம் கண்டது. அதில் ஒவ்வோர் இணைப்புக்கும் டோக்கன் போல ஓர் அடையாள எண் உண்டு. விலாசம் மாறினாலும் டோக்கனைப் பார்த்து மறுமுனை வேலையைத் தொடரும். எல்லாச் செயலிகளும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை.

ஊருக்குப் பணம் அனுப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். வாசலைத் தாண்டும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால், உத்தரவு வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் நின்றுவிடக்கூடும். பணம் போகவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பினால், இரண்டு தடவை போய்விடும். முதலில் கணக்கில் இருப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம். இல்லாவிட்டால், மாதக் கடைசியில் திண்டாடப் போவது அனுப்பியவர்தான்.