தேநீருக்கும் ஒரு விதி

கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அத்தேயிலையைச் சுவைத்து ஒப்பிட இன்று உலகப் பொதுவிதி ஒன்று உண்டு: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல். வீட்டுத் தேநீருக்கன்று, சுவைப்போர் மேசைக்கே இவ்விதி. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு இதனை 1980இல் வெளியிட்டது, 2019இல் திருத்தியது.

இத்தகைய விதியை எந்நாடும் தனித்து வகுப்பதில்லை. பல நாட்டு நிபுணர் கூடி வரைவு எழுதுவர். பின்னர் நாடுகள் வாக்களிக்கும். பங்குபற்றுவோருள் மூன்றில் இரு பங்கினரேனும் ஆதரித்தல் வேண்டும். 1980இல் அயர்லாந்து உடன்படாதபோதும் விதி நிறைவேறியது. பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் வாக்கு ஒன்றே. அவ்வமைப்பில் நம் பிரதிநிதி இலங்கைக் கட்டளைகள் நிறுவனம்.

மலையகப் பெண்கள் கொய்யும் கொழுந்தின் விலை, சுவைப்போர் நாவிலே பெரிதும் தங்கியுள்ளது. ஆகவே, சுவைக்கு அளவு வகுக்கும் அவையில் நம் ஆசனம் வெறுமையாயிருத்தல் ஆகாது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக!