மருந்துக் கழிவும் படைப்பின் நலமும்

திருச்சபையின் அருட்பணி வரலாற்றில் மருந்துக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. நற்செய்தி சென்ற பல ஊர்களுக்கு மருத்துவமனையும் உடன் சென்றது. எனவே மருந்தைக் கடவுளின் நற்கொடையாக ஏற்று நன்றி செலுத்தப் பழகியிருக்கிறோம். ஆனால் உண்ட மருந்தும், பூசிய களிம்பும், மருந்தாலையின் கழிவுநீரும் எங்கே சென்று சேர்கின்றன என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. குணமாக்கும் ஊழியத்தைத் தன் அழைப்பின் ஒரு பகுதியாகக் கருதும் திருச்சபை இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

1. மருந்து செல்லும் வழி

நாம் உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலில் அழிந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி மாறாமலோ, சிறிது மாறியோ கழிவோடு வெளியேறுகிறது. சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு ஆகியவற்றிலுள்ள இரசாயனப் பொருள்கள் குளிக்கும் நீரோடு செல்கின்றன. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றை நீக்குவதற்கென அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே பல பொருள்கள் அவற்றைக் கடந்து ஆற்றையும் ஏரியையும் அடைகின்றன.

மிகச் சிறிய அளவும் தீங்கு விளைவிக்கக்கூடும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள ஆய்வு ஏரியொன்றில், கருத்தடை மாத்திரையில் சேரும் செயற்கைப் பெண் ஹார்மோனை 2001 முதல் 2003 வரை லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம் இருக்குமாறு கலந்தனர். நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களிடம் பெண்தன்மை தோன்றியது. அங்கிருந்த சிறுமீன் இனமொன்று ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

2. ஆலைக் கழிவு

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்சேருவில், ஏறத்தாழ 90 மருந்தாலைகளின் கழிவுநீரைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோகிம் லார்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். சுத்திகரித்து வெளியேற்றப்பட்ட நீரில் சிப்ரோபிளாக்சசின் என்னும் ஆண்டிபயாடிக் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அம்மருந்தை உண்ணும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது மிக அதிகம். ஒரே நாளில் வெளியேறியது ஏறத்தாழ 45 கிலோகிராம் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

இத்தகைய நீரில் வாழும் நுண்கிருமிகளுள் மருந்துக்கு மடியாதவை தப்பிப் பெருகுகின்றன. தம் எதிர்ப்பாற்றலைப் பிற கிருமிகளுக்கும் கடத்துகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. ஆண்டிபயாடிக் மருந்தை வேண்டாத இடத்தில் உண்பது இதற்குப் பெருங்காரணம். ஆலைக் கழிவும் அதற்குத் துணை செய்கிறது.

3. கழுகுகளின் அழிவு

இந்தியாவில் முன்னர் கோடிக்கணக்கில் இருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் மறையத் தொடங்கின. வெண்முதுகுக் கழுகுகளுள் 2007க்குள் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது எனலாம். காரணத்தை 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. மாடுகளின் வலி தீர்க்க இடப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கியிருந்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்திய அரசு 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு சிறு கூட்டம் வாழ்கிறது.

இழப்பு பறவையோடு நிற்கவில்லை. பிணங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின. கழுகுகள் மறைந்ததனால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது.

4. இறையியல் நோக்கு

லேவியராகமம் 11ஆம் அதிகாரம் அருவருக்கப்பட வேண்டிய பறவைகளின் பட்டியலில் முதலாவதாக நேஷெர் என்னும் எபிரெயப் பெயரைக் குறிக்கிறது. நம் மொழிபெயர்ப்புகளில் கழுகு எனப்படும் இச்சொல் பிணந்தின்னிக் கழுகையும் குறிக்கும் என்பர் அறிஞர். ஆனால் யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலை விடுவித்த ஆண்டவர் தம் செயலுக்கு இப்பறவையின் சிறகுகளையே உவமையாக்குகிறார். யோபு 39இல் அது பிணத்தை நாடுவதும் படைத்தவரின் ஒழுங்கிற்கு உட்பட்டதாகவே பேசப்படுகிறது. மனிதன் அருவருப்பதையும் கடவுள் தம் படைப்பில் பணிக்கு அமர்த்தியிருக்கிறார்.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. மாட்டின் வலியைத் தீர்த்த உழவன் கொடியவன் அல்லன். அவன் செய்தது இரக்கம். எனினும் அவ்விரக்கத்தின் பின்விளைவு பேரழிவாயிற்று. பாவத்தைத் தீய எண்ணத்தோடு மட்டும் இணைத்துப் போதிக்கும் நம் வழக்கம் இங்கே போதாது. பலர் அறியாமல் பங்குகொள்ளும் தீங்கிற்கும் பொறுப்பேற்கும் மனந்திரும்புதலைச் சபைக்குக் கற்பிக்க வேண்டும். பட்டஞ்சேருவின் நிலையோ வேறு; அங்கே தீங்கு அறியப்பட்டது. தெளிந்த நீரைத் தாம் குடித்து, எஞ்சியதைக் கால்களால் கலக்கும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் கடிந்துரைக்கிறது. மலிவான மருந்தின் நன்மை தொலைவிலுள்ளோருக்கும், கலங்கிய நீர் ஆலையின் அருகே வாழும் ஏழைகளுக்கும் வந்து சேரும்போது, இக்கடிந்துரை மருந்து பெறும் நமக்கும் உரியது.

5. நம் கடமை

மருந்தை வெறுப்பது தீர்வாகாது; நோயாளிக்கு மருந்தை மறுப்பது அன்பும் ஆகாது. செய்யத்தக்கவை சில உண்டு. திருச்சபை மருத்துவமனைகள் தங்கள் கழிவுநீர் எங்கே செல்கிறது என ஆராய்ந்து, காலாவதியான மருந்துகளை 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அகற்ற வேண்டும். மருத்துவர் கூறாமல் ஆண்டிபயாடிக் மருந்து உண்ணலாகாது என்றும், எஞ்சிய மாத்திரையைக் கழிப்பறையிலும் சாக்கடையிலும் கொட்டலாகாது என்றும் குருமார் சபையாருக்கு உணர்த்தலாம். கிராமச் சபைகளில் பணிபுரிவோர், கழுகுகளுக்குத் தீங்கற்றதாகக் கண்டறியப்பட்ட மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்தைக் குறித்துக் கால்நடை மருத்துவரைக் கேட்குமாறு உழவரைத் தூண்டலாம். நோயுற்றோருக்காகச் சபை ஏறெடுக்கும் மன்றாட்டில், மருந்து பிறக்கும் இடத்தில் வாழ்வோரையும் அது சென்று சேரும் நீரில் வாழும் உயிர்களையும் சேர்த்துக்கொள்வது இப்பணிக்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.