பந்தியில் உட்கார்ந்தோம், சமையற்கட்டைப் பார்த்தோமா?

நாள்தோறும் கல்யாணம் நடக்கின்ற ஊர் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் வருகிற திருவிடந்தைதான் அந்த ஊர். முனிவர் ஒருவருக்கு 360 பெண்களாம். வராகப் பெருமாள் நாளுக்கொரு பெண்ணாக மணந்துகொண்டாராம். அதனால்தான் நித்திய கல்யாணப் பெருமாள் என்ற பெயராம். மணமாகாதவர்கள் மாலையும் கழுத்துமாகக் கோவிலைச் சுற்றி வருவதை இன்றும் காணலாம்.

நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. நாளுக்கொரு கல்யாணம் என்றால் நாளுக்கொரு பந்தி அல்லவா? அந்தப் பந்திக்கு அரிசி எங்கே விளைந்தது? காய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது? கதை சொன்னவர்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. சுற்றிலும் ஏரியும் வயலும் கடலும் இருந்தன. கவலைப்பட வேண்டியவர்கள் நாம்தான். ஏனெனில் சென்னைப் பட்டணத்தில் கோடிப் பேர் நாள்தோறும் பந்தியில் உட்காருகிறோம். சமையற்கட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை!

அந்தப் பட்டணத்தின் காய்கறி எங்கிருந்து வருகிறது? கோயம்பேட்டிலிருந்து என்பார்கள். கோயம்பேட்டில் ஒரு கத்தரிச் செடியாவது முளைக்கிறதா? வெங்காயம் நாசிக்கிலிருந்தும், தக்காளி ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி ஏறி வருகின்றன. 1996இல் திறக்கப்பட்ட அந்த ஒரே அங்காடி வழியாகத்தான் பட்டணத்தின் வயிறு பெரும்பாலும் நிரம்புகிறது. 2020 மே மாதத்தில் கொரோனா அந்த அங்காடியைப் பற்றிக்கொண்டது. அங்காடியை மூடினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காக அலைந்த இல்லத்தரசிகள் அதை மறந்திருக்கமாட்டார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசே முன்வந்து நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஒரே கயிற்றில் தொங்குகிற ஊஞ்சல் எத்தனை நாளைக்குப் பத்திரம்?

பட்டணத்துக்குப் பக்கத்தில் நிலமே இல்லையா? இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

செங்கற்பட்டு ஏரிகளின் சீமை. மதுராந்தகம் ஏரியைக் காத்தவர் இராமர் என்று ஒரு கதை உண்டு. கும்பினி ஆட்சியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, கொட்டும் மழையில் கரைமேல் இராமரையே கண்டாராம். காத்தது யார் என்ற வாதம் இருக்கட்டும். கரை உடைந்தால் ஊருக்குச் சோறில்லை என்பதை அன்று துரைமகனும் அறிந்திருந்தான், மண் சுமந்த கூலியாளும் அறிந்திருந்தான். இந்த மண்ணின் பெயரைத் தாங்கி 'செங்கல்பட்டு சிறுமணி' என்று ஒரு நெல் இரகமே உண்டு. இன்று பட்டணத்துக் கடைகளில் எத்தனை பேர் அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம்?

கரையோர மணல் வேறு வகை. அங்கே சவுக்குத் தோப்புகள் எழுந்தன. யாருக்காக? சென்னையின் அடுப்பு எரிவதற்காக! விறகு கொடுத்த கரை அது. பட்டணத்து அடுப்பில் எரிவாயு வந்தது. தோப்புகளுக்கு நடுவே மனைப்பிரிவுக் கற்கள் வந்தன. ஏக்கர் கணக்கில் பேசிய ஊர்கள் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கின. கடலை விளைந்த புஞ்சையில் கடல் பார்த்த மாளிகை! வாரக் கடைசியில் இரண்டு நாள் விளக்கெரியும். மற்ற ஐந்து நாளும் காவற்காரரும் நாயும்தான்.

2018 ஏப்ரலில் இதே திருவிடந்தையில் இராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கிகளும் டாங்கிகளும் அணிவகுத்தன. அதைத் தொடங்கிவைக்கப் பிரதமர் வந்த நாளில், காவிரி நீர் கேட்டுத் தமிழகம் கறுப்புக்கொடி பிடித்தது. ஒருபுறம் வெடிமருந்து, மறுபுறம் வயலுக்குத் தண்ணீர்! பீரங்கியை நிறுத்திக் காட்ட மணலில் இடம் கிடைத்த ஊரில், கீரைப் பாத்திக்கு இடம் இல்லையென்றால் நாடு சிரிக்காதா?

தண்ணீரின் கதையும் இதுவே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிகள் சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளைத் தேடி ஓடின. கிணற்று நீரைப் பயிருக்கு விட்டால் கிடைப்பதைவிட லாரிக்கு விற்றால் அதிகம் கிடைக்கும் என்றால், உழவன் எதைச் செய்வான்? அவனைக் குறை சொல்லுவானேன்? திருவிடந்தைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. நல்லதுதான். தாகத்துக்குக் கடலையே கடைந்த பட்டணம், பசிக்குப் பக்கத்து வயலைக் காக்க மறந்தது ஏன்?

கடலைச் சொன்னோம், மீனையும் சொல்வோம். கோவளத்துக் குப்பத்தில் படகு கரை சேரும்போது வலையில் இருப்பது வஞ்சிரம் மட்டுமா? நெத்திலி, மத்தி, காரப்பொடி, சங்கரா, கானாங்கெளுத்தி எல்லாம் இருக்கும். பட்டணத்துக்காரர் கேட்பதோ வஞ்சிரமும் வவ்வாலும்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகத்தான் அந்தத் தடை. அந்த நாட்களிலும் சிறு நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகின்றன. அவை கொண்டுவரும் சிறு மீனை மதித்து வாங்கினால் கடலும் பிழைக்கும், கரையில் இருப்பவரும் பிழைப்பார். இதற்கு ஒரு சட்டமும் வேண்டாம், நாக்கு கொஞ்சம் திருந்தினால் போதும்!

"பட்டணத்துக்கு வேண்டிய அத்தனையும் செங்கற்பட்டில் விளையுமா?" என்று கேட்பார் உண்டு. விளையாது. தஞ்சை நெல்லும் நாசிக் வெங்காயமும் வரத்தான் வேண்டும். ஆனால் காலையில் பறித்து மாலையில் வாடுகிற கீரையும், வெண்டையும், கத்தரியும், முருங்கையும், பாலும், முட்டையும், மீனும் பக்கத்திலிருந்து வரலாமே! அவற்றை நூறு காதம் சுமந்து வருவதில் எரியும் டீசலும், வழியில் அழுகும் சரக்கும், கைமாறக் கைமாற ஏறும் விலையும் யார் தலையில்?

"இயற்கை விளைபொருளெல்லாம் பணக்காரர் பண்டம்" என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. குளிர்சாதனக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இரட்டை விலைக்கு விற்கிற கீரையைப் பற்றி நாம் பேசவில்லை. கொத்தனாரும் சித்தாளும் வாங்கக்கூடிய கீரையைப் பற்றியே பேசுகிறோம்.

அதற்கு வழி தெரியாதவர்களல்ல தமிழர்கள். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் கலைஞர் ஆட்சியில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தரகருக்கு இடமில்லை. அடையாள அட்டை பெற்ற உழவரே தராசு பிடித்தார். மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே விலை வைக்கப்பட்டது. விற்றவருக்கும் இலாபம், வாங்கியவருக்கும் இலாபம். இடையில் வந்த ஆட்சி அதை வாடவிட்டது. 2006க்குப் பின் அது மீண்டும் உயிர்பெற்றது. அந்தச் சந்தைகளைப் பழைய சாலை, கடற்கரைச் சாலை ஓரமாகப் பெருகியிருக்கும் புதுக் குடியிருப்புகளின் வாசலுக்கே கொண்டுவர வேண்டும்.

உலகத்தைப் பார்த்தாலும் பாடம் உண்டு. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் நின்றுபோயின. அவானா நகரத்தார் காலி மனைகளில் காய்கறி பயிரிட்டார்கள். பிரேசில் நாடு 2009இல் ஒரு சட்டம் செய்தது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் சிறு உழவர் குடும்பங்களின் விளைச்சலையே வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். சத்துணவுக்கும் காலை உணவுக்கும் வழிகாட்டிய தமிழகத்தில், விடுதிகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் பக்கத்து ஊர்க் காய்கறியை ஒப்பந்தம் போட்டு வாங்கினால் எத்தனை ஆயிரம் உழவர் காலூன்றுவர்! நிச்சயமான விலை இருந்தால் நிலத்தை விற்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் சந்தை இருந்து நிலம் இல்லாவிட்டால் என்ன பயன்? 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அதன் எல்லை செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் ஆழமாக நீண்டுவிட்டது. 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்கென மூன்றாவது பெருந்திட்டம் வகுக்கும் பணியும் தொடங்கியது. அந்த வரைபடத்தில் சாலைக்கு ஒரு நிறம், தொழிலுக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு நிறம் தீட்டுவார்கள். ஏரிக்கும் ஏரிப்பாசன வயலுக்கும் கரையோரக் குப்பத்துக்கும் அழிக்க முடியாத பச்சை வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் உழவர் மட்டுமல்லர், மூன்றாம் மாடியில் குடியிருப்பவரும்தான். அந்தப் பச்சைதான் அவர் வீட்டுச் சமையற்கட்டு!

கான்கிரீட்டை உடைத்து மறுபடி வயலாக்கியவர் எவருமில்லை. நிலம் ஒருமுறை போனால் போனதுதான். திருவிடந்தைப் பெருமாளுக்கு நாளுக்கொரு கல்யாணம் நடக்கட்டும். பட்டணத்து ஏழைக்கு நாளுக்கு மூன்று வேளை பந்தி நடக்க வேண்டும். இலை போட்டாகிவிட்டது. பரிமாறுவதற்கு வயல் இருக்க வேண்டாமா?