மூன்று அரங்குகளில் ஒரு குரல்

தென்காசிக்கு அருகேயுள்ள மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் தலைவர் திருக்குற்றாலநாதர். அவர்மீது மையல் கொள்ளும் வசந்தவல்லி தலைவி. சாஸ்திரப்படி பார்த்தால் கதை இவ்விருவருடையதுதான். ஆயினும், அந்நாடகத்தைப் படித்தவரையோ ஆடக் கண்டவரையோ நிறுத்தி, மனத்தில் தங்கியவர் யாவர் என்று கேட்டால், மலைவளம் பாடிக்கொண்டு குறி சொல்ல வரும் சிங்கியையும், அவளைக் காணாமல் தேடித் திரியும் சிங்கனையும், அவனோடு பறவை பிடிக்க வந்த நூவனையுமே முதலில் சொல்லுவார்கள். தலைமை மாந்தர் பக்திக்கும் காதலுக்கும் உரியவர்களாய் உயரத்தில் நிற்க, வாழ்க்கையின் ருசியை நம் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் பொறுப்பைக் கவிராயர் இந்தத் துணை மாந்தரிடம் விட்டிருக்கிறார். நம் காலத்தில் குணசித்திர நடிகர் என்று ஒரு வகுப்பாரைச் சொல்லுகிறோமே, அவர்களுடைய தர்மமும் இதுவேயாகும்.

தென்காசிச் சீமை நாடகத்துக்கு அந்நியமான பூமியன்று. தென்காசிக்கு மேற்கே சில மைல் தூரத்திலுள்ள செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடி, தமிழ்நாடெங்கும் கீர்த்தி பெற்று, 1933-இல் தம்முடைய இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அந்தச் சங்கீத நாடக யுகத்தில் நடிகனுடைய முதல் ஆஸ்தி சாரீரம்; வசனம் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே போட்ட பாலமாகவே இருந்தது. பின்னர் 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. ஒலிவாங்கி வந்தபோது உரக்கப் பேச வேண்டிய அவசியம் போயிற்று. பெருமூச்சும், தயக்கமும், சொல்லாமல் விழுங்கிய வார்த்தையும்கூடக் கேட்பவர் காதில் விழலாயின. பேசும் குரலின் கலை தமிழில் புதிதாய்ப் பிறந்தது. அந்தக் கலையிலே தேர்ந்து, வானொலி, மேடை, திரை என்ற மூன்று அரங்குகளிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர் திருநெல்வேலிச் சீமையின் புதல்வரான பூர்ணம் விசுவநாதன்.

1921-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ஆம் தேதி பிறந்த அவருடைய குடும்பமே எழுத்துக்கும் பேச்சுக்கும் தன்னை ஒப்புக்கொடுத்த குடும்பம். உமாசந்திரன் என்ற புனைபெயரில் ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதிய பூர்ணம் ராமச்சந்திரன் அவருடைய தமையனார். அவரும் வானொலியில் உத்தியோகம் பார்த்தவரே. மாஸ்கோவில் இருந்துகொண்டு ருஷ்ய இலக்கியங்களைத் தமிழாக்கித் தந்த பூ. சோமசுந்தரம் மற்றொரு சகோதரர். விசுவநாதனோ டில்லிக்குச் சென்று, வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் சேர்ந்தார். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி விடிந்தபோது, தேசம் சுதந்திரம் அடைந்த செய்தியைத் தமிழ் மக்களுக்கு வானொலி மூலம் வாசித்த குரல் இருபத்தைந்து வயது நிரம்பிய அந்த இளைஞருடையது. சரித்திரத்தில் ஒரு முறையே வாய்க்கக்கூடிய அந்தப் பாக்கியம் அவருக்கு வாய்த்தது.

செய்தி வாசிப்பது நடிப்புக்கு நேர்விரோதமான தொழில் என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அதைக் காட்டிலும் கடினமான நாடகப் பாடசாலை வேறு இல்லை. வாசிப்பவன் தன் சுகதுக்கங்களை வாசலிலே விட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். வெள்ளமோ, விழாவோ, தலைவருடைய மரணமோ, எதுவாயினும் சொல்லின் கனம் கெடாமலும், அதன்மேல் தன் உணர்ச்சியைப் பூசாமலும், முகம் தெரியாத லட்சம் பேரில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவதுபோலச் சொல்லவேண்டும். எந்தச் சொல்லில் நிற்பது, எங்கே மூச்சு வாங்குவது, எந்த வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் முடிப்பது என்ற நுட்பங்கள் நாள்தோறும் பழகப் பழகச் சுபாவமாகிவிடும். பிற்காலத்தில் பூர்ணம் பேசிய வசனம் ஒவ்வொன்றிலும் இந்தப் பயிற்சியின் தடம் இருந்தது.

டில்லித் தமிழர்களிடையே வளர்ந்த அவருடைய நாடக ஆர்வம், சென்னைக்கு வந்து மத்திய அரசின் ‘திட்டம்’ சஞ்சிகையில் பணியாற்றிய காலத்தில் முழு மலர்ச்சி எய்தியது. நாடகாசிரியர் மெரீனாவின் குடும்ப நாடகங்களிலே நடித்துப் புகழ் பெற்றவர், பின்னர்த் தம்முடைய குழுவின் மூலம் எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். ‘ஒரு கொலை ஒரு பிரயாணம்’, ‘அடிமைகள்’, ‘ஊஞ்சல்’, ‘டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு’, ‘சிங்கமய்யங்கார் பேரன்’ என்று நீளும் அந்த வரிசையில் ‘கடவுள் வந்திருந்தார்’ தனிச்சிறப்பு வாய்ந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீநிவாசன் என்ற சாதாரண மனிதர் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒரு விருந்தாளி வருகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். வீட்டாரோ அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். விஞ்ஞானக் கற்பனையையும் நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தையும் ஒன்றாய்ப் பிணைக்கும் அத்தகைய கதையைச் சபையோர் நம்பவேண்டுமானால், நம்பத் தகுந்த ஒரு மனிதர் அதன் மத்தியில் நிற்கவேண்டும். பூர்ணம் அப்படி நின்றார். சுஜாதாவின் சொற்சிக்கனமும் பூர்ணத்தின் குரற்சிக்கனமும் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொண்டவை என்றே சொல்லவேண்டும்.

திரைப்படத்தில் அவர் பரவலாக அறியப்பட்டது வயது அறுபதை நெருங்கிய பிறகுதான். ‘வறுமையின் நிறம் சிகப்பு’ (1980) படத்தில் மகனோடு ஒத்துப்போக முடியாத தந்தை. ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தில் பள்ளித் தலைமையாசிரியர். ‘வருஷம் 16’ (1989) படத்தில் பெரிய குடும்பத்தைக் கட்டி ஆளும் தாத்தா. ‘மகாநதி’ (1994) படத்தில் சிறைச்சாலையில் கதாநாயகனுக்கு ஆறுதலாய் அமையும் பஞ்சாபகேசன். இவையாவும் கதாநாயகனைச் சுற்றி அமைந்த சிறு வேடங்களே. ஆனாலும் அந்தத் தந்தையின் வைதிகப் பிடிவாதம் பொய்யாகத் தோன்றியிருந்தால் மகனுடைய கலகத்துக்கு அர்த்தமே இராது. பஞ்சாபகேசனுடைய சாந்தம் நம் மனத்தைத் தொடாவிட்டால், சிறையின் கொடுமையும் அதன் முழு உக்கிரத்தில் தெரியாது. நாயகனுடைய துயரத்துக்கு அளவுகோலாய் நின்று கொடுத்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிக்கொள்வது அவருடைய ரீதி.

இவற்றுள் மிகவும் வியக்கத்தக்கது ‘கேளடி கண்மணி’ (1990). அதில் அவரும் ஸ்ரீவித்யாவும் காது கேளாத, வாய் பேசாத தம்பதிகள், கதாநாயகியின் பெற்றோர்கள். ஒரு தேசத்தின் விடுதலையைத் தமிழில் அறிவித்த குரலுக்கு அந்தப் படத்திலே வேலையே கிடையாது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த செல்வத்தை ஒரு பக்கமாய் வைத்துவிட்டு, கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி, மகளைப் பிரிய அஞ்சும் தகப்பனுடைய சுயநலத்தையும் அன்பையும் ஒருங்கே காட்டினார். குரலைக் கொண்டு புகழ் பெற்றவர் குரலின்றியும் நடிகராய் நின்றார் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

இத்தகைய வாழ்க்கை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து தேசத்து டம்ஃப்ரீஸ் நகரில் 1897-இல் பிறந்த ஜான் லாரி என்பவர், லண்டன் மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பயின்று, ஹிட்ச்காக் 1935-இல் எடுத்த ‘முப்பத்தொன்பது படிகள்’ திரைப்படத்தில் சந்தேகப் பிராணியான குடியானவராக நடித்து, லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த ஷேக்ஸ்பியர் படங்களிலும் தோன்றியவர். ஆனால், 1968-இல் தொடங்கிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடரில், சாவு வீட்டுத் தொழில் செய்யும் கிழவர் ஃபிரேசராக வந்தபோதுதான், எழுபது வயதுக்குமேல், வீட்டுக்கு வீடு பிரசித்தமானார்; அத்தொடர் வானொலிக்கு மாறியபோது அங்கும் அவர் குரல் ஒலித்தது. நாயக நடிகருக்கு மூப்பு ஒரு சத்துரு. குணசித்திர நடிகருக்கோ அதுவே மூலதனம்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையின் உயிர் அதைச் சொல்லும் தொனியில் இருக்கிறது என்பதைத் தம்மைத் தேடி வந்தோருக்கெல்லாம் வாய்விட்டுப் பாடிக் காட்டியே உணர்த்தினார். பூர்ணம் விசுவநாதன் வசனத்தில் செய்து காட்டியதும் அதுவே. 2008 அக்டோபர் முதல் தேதி, எண்பத்தாறாம் வயதில், அவர் காலமானார். ஆடி மாதத்துச் சாரலில் குற்றாலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து கூடும்போது, சாரல் விழா நடத்துவோர் ஒரு மாலைப்பொழுதைப் பேசும் நாடகத்துக்கு ஒதுக்கவேண்டும். தென்காசிப் பள்ளிகளிலுள்ள ஆசிரியர்கள் மாணவர்களை நாள்தோறும் ஒரு பத்தியாவது உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். நல்ல குரல் பிறவியில் வரலாம். நல்ல பேச்சு பழக்கத்தினாலேயே வரும்.