ஈசிஎம் உண்மையிலேயே போய்விட்டதா?

வண்டி செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆக மாட்டேன் என்கிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கி, "அண்ணா, ஈசிஎம் போயிடுச்சு, மாத்திதான் ஆவணும்" என்கிறார். சின்னக் காருக்கே பல்லாயிரம் ரூபாய் செலவு. தலையாட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "பெட்டிக்குக் கரண்டும் எர்த்தும் ஒழுங்கா வருதான்னு மீட்டர் வச்சுப் பாத்தாச்சா?" இந்த ஒரு கேள்வியில் உயிர் பிழைத்த ஈசிஎம்கள் ஏராளம்.

ஈசிஎம் என்பது என்ஜினை ஆளும் சிறு கணினிப் பெட்டி. கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, உள்ளே போகும் காற்று எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்ல, எந்த இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று அது கணக்குப் போடும். இது காருக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்து கார்புரேட்டரை ஓரங்கட்டிய பிறகு, பிள்ளையார்குப்பத்திலிருந்து பாகூருக்குப் போகிற புது ஸ்கூட்டருக்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

சாவியை ஆன் செய்ததும் செக் என்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை, ஸ்கேனரில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேகும் பதில் சொல்கின்றன, என்ஜின் மட்டும் பேசவில்லை என்றால் சந்தேகம் ஈசிஎம் பக்கம் திரும்புவது நியாயம்தான். ஆனால் பெட்டி செத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், பெட்டிக்குக் கரண்டே வராவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். எனவே முதலில் பேட்டரி. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சரிசெய்யாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. பிறகு ஃப்யூஸ், மெயின் ரிலே.

அடுத்தது எர்த். பலர் கோட்டைவிடும் இடம் இது. ஒயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து, "பீப்" சத்தம் கேட்டதும் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஒற்றைப் பிரி மட்டும் மிஞ்சிய கிணற்றுக் கயிறும் வெறும் வாளியைத் தாங்கும், தண்ணீர் மொண்டதும் அறுந்துவிடும். அதனால் எர்த்தை லோடு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். சாவி ஆனில் இருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஈசிஎம் கப்ளரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு.

கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தும் பெட்டி பேசவில்லையா? சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட் அனுப்புகிறது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் சரிந்து, சில வண்டிகளில் பெட்டியே ஊமையாகிவிடும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் ஸ்கேனர் பேச ஆரம்பித்தால் குற்றவாளி அந்தச் சென்சார்தான், அல்லது அதற்குப் போகும் ஒயர். ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் 6, 14 எண் பின்களுக்கு இடையே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைன் உள்ள வண்டிகளில் 60 ஓம் அளவில் இருக்க வேண்டும். 120 என்றால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது.

பி0601, பி0606 போன்ற எரர் கோடுகள் நேராகப் பெட்டியையே குறிப்பவை. அவற்றையும் ஒருமுறை அழித்து, நல்ல பேட்டரியோடு ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்தால் மட்டுமே நம்பலாம்.

நம் புதுச்சேரிப் பக்கத்து வண்டிகளுக்கு எதிரிகள் கொஞ்சம் அதிகம். உப்புக்காற்று கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். அறுவடை முடிந்தால் வயல் எலி பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். எல்லாவற்றிலும் மோசம் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் ஒயரின் இழைகள் வழியே ஏறிப் பெட்டிக்குள் போகும், அரிப்பு சில வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கெடுத்துக்கொண்டால், தனியாக என்ஜின் புரொடெக்ட் எடுக்காதவர்களுக்கு இழுபறிதான்.

பெட்டிதான் செத்தது என்று உறுதியான பிறகும் ஏன் செத்தது என்று தெரியாமல் புதிதை மாட்டாதீர்கள். ஷார்ட்டான இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ பழைய பெட்டிக்குள் தன்னை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரை எரித்திருந்தால் புதியதையும் எரிக்கும். பேட்டரியைக் கழற்றாமல் மினி லாரிக்கு வெல்டிங் அடிப்பதும், ஜம்ப் ஸ்டார்ட்டில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுப்பதும் பழக்கமான கொலைகள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் இம்மொபிலைசர் இருந்தால் அது வேறொருவர் சாவிக்குப் பழகிய பெட்டி. உங்கள் வண்டியில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் வண்டியின் சொந்தப் பெட்டியிலிருக்கும் மெமரியை அதற்குள் நகல் எடுத்து ஏற்றத் தெரிந்தவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். டிரைவர் டிரான்சிஸ்டர் அளவிலான கோளாறு என்றால் இருக்கிற போர்டையே பழுது பார்ப்பவர்களும் உண்டு, என் ஓட்டு அதற்குத்தான்.

புதுப் பெட்டிக்கு சேஸிஸ் எண் பதிய வேண்டும், சாவி கோடிங் செய்ய வேண்டும். காமன் ரெயில் டீசலில் பல வண்டிகளுக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் அச்சிட்ட கோடையும் ஏற்ற வேண்டும். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டரின் கணக்கு பழைய பெட்டியிலிருந்து மாறி வர வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் காலி என்று புதுப் பெட்டி நினைத்துக்கொள்ளும். இந்த வேலை நடக்கும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். நடுவில் வோல்ட் இறங்கினால் அந்த இடத்திலேயே புதுப் பெட்டியும் செத்துப்போகலாம், அந்தச் செலவு யார் தலையில் என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள்.