சபரகமுவைச் சுவடுகள் – 11: குவிமாடம் இல்லாத ஜியாரம்

பலாங்கொடையில் கல்தோட்டை பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே தேயிலை முடிந்துவிடும். காற்றில் குளிர் குறையும். மானாப்புல்லும் முள்மரமுமாக வறண்ட பூமி எட்டிப் பார்க்கும். 20 கிலோமீற்றருக்கு மேல் போனால் கூரகல. சிங்களத்தில் அதுதான் பெயர். முஸ்லிம்கள் தப்தர் ஜெய்லானி என்பார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் வெறும் ஜெய்லானிதான்.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அப்பாயி வாயிலிருந்து. சின்னச் சித்தப்பாவுக்குக் கைப்பிள்ளையில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்கும் இறங்காமல் கிடந்ததாம். "ஜெய்லானி பாவாவுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு நேந்துக்கிட்டேன். விடியக்குள்ள புள்ள கண்ணு முழிச்சான்" என்பாள். கூடைத்தட்டுக்கு மேலே மாரியம்மன் படம், அதன் பக்கத்தில் அந்த முடிப்பு. அவளுக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. கடல் தாண்டி வரும்போதே நாகூர் ஆண்டவரையும் கும்பிட்டுக்கொண்டு வந்த சனம் அது.

அந்த ஜெய்லானி பாவாதான் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி. காஸ்பியன் கடலோரத்து ஜீலான் பகுதியில் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்தவர். 1166இல் பக்தாதில் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் அங்கேதான். காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி மரபு அவர் பெயரில் வளர்ந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காத்தான்குடியிலும் 'முகைதீன்' என்று பிள்ளைகளுக்குப் பெயர் விழுவது அவரால்தான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்தவர் இந்தப் பாறைக் குகையில் தங்கித் தவம் இருந்தார் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த மலையை நாம் சிவனொளிபாதம் என்கிறோம், சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். 1344இல் இப்னு பதூதா ஏறிய மலையும் அதுவே. ஆகவே அரபு, பாரசீக நாட்டு ஞானிகளின் கால்கள் சபரகமுவைப் பாதைகளுக்குப் புதியவை அல்ல. இந்தத் தலத்தின் பெயரில் வரும் தப்தர் என்றால் பதிவேடு, கணக்குப் புத்தகம்.

ஜெய்லானிக்குப் புறப்படுமுன் நான் வேறொரு தலத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனாவின் மேற்கு எல்லையில், உய்குர் மக்களின் காஷ்கர் நகருக்கு வெளியே உள்ள ஆபாக் கோஜா அடக்கத்தலம். 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நான்கு மூலையிலும் பருத்த கோபுரத் தூண்கள், நடுவே பெரிய குவிமாடம், சுவரெங்கும் பச்சை மெருகோடுகள், இடையிடையே நீலமும் மஞ்சளும். வளாகத்துப் பள்ளிவாசலில் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தூண்கள். உள்ளே ஒரே நக்ஷபந்தி சூஃபிக் குடும்பத்தின் ஐந்து தலைமுறையினர். சமர்கந்தில் பழகிய கை, பாலைவனத்து மண்ணையும் பாப்லர் மரத்தையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அந்தப் பச்சையைப் பார்த்த கண்ணோடு மலையேறினேன்.

கூரகலவில் அப்படி எதுவும் இல்லை. மலைக்கு மேலே பாறை, பாறைக்குக் கீழே குகை. கவிந்து நிற்கும் கல்லை அண்டியபடி 1922இல் கட்டிய சின்னப் பள்ளிவாசல். குவிமாடத்தின் வேலையைப் பாறையே செய்கிறது. விளிம்புக்குப் போனால் காலடியில் மலை செங்குத்தாக அறுந்து விழுகிறது. கீழே கல்தோட்டை வயல்கள், வளவை கங்கை, தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கத்தின் மினுக்கம். ஒடுங்கிப் போகும் ஒரு சுரங்கத்தைக் காட்டி, அது மக்காவரை போகிறது என்பார்கள். நம்புகிறவர்களின் குரலும் அங்கே தானாகத் தணிந்துவிடுகிறது.

உய்குர் மக்கள் இத்தகைய தலங்களை மஸார் என்கிறார்கள். நம் முஸ்லிம்கள் ஜியாரம் என்கிறார்கள். இரண்டும் ஒரே அரபு வேரில் முளைத்தவை. அந்த வேருக்குச் சந்தித்தல், போய்ப் பார்த்தல் என்றுதான் பொருள், கட்டடம் அதில் இல்லை. காஷ்கரின் குவிமாடத்தைவிட, கோத்தான் பக்கத்துப் பாலைவனத்தில் இருந்த இமாம் ஆஸிம் மஸார்தான் ஜெய்லானிக்கு நெருங்கிய சொந்தம். மணல்மேட்டில் ஒரு மண் சமாதி, சுற்றிலும் நட்ட கழிகள், கழிகளில் நேர்ந்து கட்டிய துணிகள். அங்கே வசந்தத்தில் சனம் திரளும். இங்கே ரபீஉல் ஆகிரில், நம்மவர் முகைதீன் ஆண்டவர் மாதம் என்று சொல்லும் அந்த மாதத்தில், கொடியேறும். பக்கீர் பாவாக்கள் தாயிரா தட்டி ரிபாயி ராத்திபு எடுப்பார்கள். கம்பியும் கத்தியும் உடம்பில் இறங்கும். கந்தூரிச் சோறு வேகும்.

இமாம் ஆஸிம் இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இடித்து எடுத்துவிட்டதைச் செய்மதிப் படங்கள் காட்டின. உய்குர் மஸார்களை ஊர் ஊராக நடந்து பதிவு செய்த மானிடவியலாளர் ரஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமல்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் வெளியே தெரிந்தது. ஆபாக் கோஜாவின் பச்சைக் குவிமாடம் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பத்திரமாக நிற்கிறது. சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

கூரகலவின் கதையிலும் இடிப்பு உண்டு. அந்தப் பாறைகளில் பிராமி எழுத்து இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தில் பிக்குகளுக்குக் குகைகளைத் தானம் கொடுத்த செய்தி அது. அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே வேட்டையாடிகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்பே கிடைத்திருக்கிறது. 1970களில் தொல்லியல் திணைக்களம் உள்ளே வந்தது, முறுகலும் கூடவே வந்தது. பலாங்கொடையின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் எம்.எல்.எம். அபுசாலி, பள்ளிவாசலின் வரலாற்றை 2002இல் நூலாகவே எழுதி வைத்தார். ஆனாலும் 2013இல் யாத்திரிகர் தங்கிய கட்டடங்களும் கடைகளும் அகற்றப்பட்டன. பள்ளிவாசல் எஞ்சியது. இன்று பக்கத்திலேயே பெரிய விகாரை வளாகம் எழுந்து நிற்கிறது.

பிராமி எழுத்தைப் பாதுகாக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரு கல்லுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் இருக்க முடியும் என்கிற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2,000 வருஷத்துக்கு முந்தைய எழுத்து சாட்சி என்றால், வருஷா வருஷம் ஏறிவந்த கால்களும் சாட்சிதான். தோட்டத்துப் பிள்ளைக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்துக்கு உறுதி கிடையாது. கொழுந்து மலையில் மரத்தடிக் கல்லாக நிற்கும் எங்கள் மாடசாமிக்கும் எந்தக் கச்சேரியிலும் பதிவு கிடையாது.

அப்பாயி அந்த நேர்த்தியைக் கடைசிவரை செலுத்தவில்லை. 1964இல் கொழும்பும் டெல்லியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தன. காய்ச்சலில் பிழைத்த சித்தப்பா வளர்ந்து, இந்தியப் பங்கில் விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறியவர் திரும்பவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் செலுத்த வேண்டும் என்று அப்பாயி காத்திருந்தாள். முடிப்பு தட்டிலேயே கிடந்தது. அவள் போன பிறகு அம்மா எடுத்து வைத்திருந்தாள்.

பள்ளிவாசலுக்குள் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் பொட்டலத்தையும் ஊதுபத்தியையும் வைத்து, முடிப்பை நீட்டினேன். துணியின் மஞ்சள் வெளுத்து, மரப்பட்டை நிறமாகியிருந்தது.

"பழைய நேர்த்தி நானா. எங்க அப்பாயிட."

அவர் அதை அவிழ்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை கனம் பார்த்தார்.

"ஆருட பேருக்கு மகன் பாத்தியா ஓதோணும்?"

அப்பாயி பெயரைச் சொன்னேன். கொஞ்சம் நின்று சித்தப்பா பெயரையும் சொன்னேன். இரண்டு தமிழ்ப் பெயர்களையும் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் கையேந்தி ஓதத் தொடங்கினார்.

(தொடரும்)